பெயராத புல்லும் மிக்கேலின் முட்டியும்

1. குடைக்கம்பி

மார்க்கராக வேலை பார்த்த முதல் நாளே தப்புச் செய்தேன். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லியிருந்தார்கள். போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் கோடு வளைந்து வளைந்து கிடந்தது. எங்கள் மில்லின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சங்கரலிங்கம் சார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"என்னவே முத்தையா, பாளையங்கால்வாயக் கொண்டாந்து இங்கன படுக்கப் போட்டுட்டீரு?"

அழித்துவிட்டு நாலு தடவை போட்டேன். அன்றிலிருந்து எந்தக் கோட்டைப் போட்டாலும் மூன்று பக்கமிருந்து குனிந்து பார்க்காமல் எனக்கு நிம்மதி வந்ததில்லை. சுபாவத்திலேயே பயந்தவன் நான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்கு வந்தவன். நூல் சுற்றும் பகுதியில் பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி ஆள் பாதியாகிவிட்டேன். சங்கரலிங்கம் சார்தான் இரக்கப்பட்டு என்னை வெளியே எடுத்து மைதானத்தில் விட்டார். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் மார்க்கர் என்று பெயர். கோடு போடுவது, வலை கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது, ரோலர் இழுப்பது எல்லாம் அவன் பாடு.

இது தொண்ணூறுகளில் நடந்தது. அப்போது எங்கள் மில்லுக்கென்று ஒரு புட்பால் டீம் உண்டு. பந்தாடுவதற்காகவே ஆட்களை வேலைக்கு எடுப்பார்கள். முதலில் பதிலித் தொழிலாளியாகத்தான் சேர்ப்பார்கள். பாதி ஷிப்ட் மில்லில், மீதி நேரம் மைதானத்தில். வைகாசியில் மில்லின் ஆண்டு விழா டோர்னமெண்ட் நடக்கும். அதில் நன்றாக ஆடினவர்களின் பெயர் நிரந்தர லிஸ்டில் ஏறும். ஆகவே பந்துதான் அவர்களுக்குச் சோறு. அந்தச் சோற்றுக்கு இலை போடுகிறவன் நான். இந்த நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது. இருந்ததால்தான் பயமும் இருந்தது.

தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். பழைய குடைக்கம்பி ஒன்றை நுனி தேய்த்து வைத்துக்கொண்டு, காலையில் மைதானம் முழுக்க நடந்து அங்கங்கே குத்திப் பார்ப்பேன். சுட்டுவிரலின் முதல் கணு அளவுக்கு இறங்கினால் நல்ல தரை. இறங்கவே இல்லையென்றால் விழுகிறவனுக்குக் கை ஒடியும். ரெண்டு கணு இறங்கினால் கால் புதையும். என் சம்சாரம் ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள், "சோத்துப் பானையிலயும் கம்பியால குத்தித்தான் வெந்துருக்கான்னு பாப்பீங்க போல."

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் பூட்ஸ் காலை ஊன்றித் திரும்பும்போது புல்லும் மண்ணுமாக ஒரு துண்டு பெயர்ந்து வரும். அதைப் பத்தை என்போம். ஆட்டம் முடிந்ததும் ஒரு வாளியில் மணலும் குளத்து வண்டலும் கலந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தையாக அதனதன் குழியில் வைத்து, மிதித்து, தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலை கஷ்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் குழந்தை மாதிரி வளர்த்த அருகம்புல். அது வேரோடு மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும்.

2. கடலுக்கு ஆகாத பையன்

அந்தப் பத்தையை அதிகமாகப் பெயர்த்தவன் மிக்கேல்.

தெற்கே கடற்கரை ஊர்க்காரன். இருபத்திரண்டு வயசு. லெப்ட் விங் ஆடுவான். இடது கோட்டை ஒட்டிக் கார்னர் கொடி வரை பறப்பான். அங்கே போய் இடது காலை ஊன்றி, பம்பரம் மாதிரி உள்பக்கம் ஒரு சுற்று. துரத்தி வந்தவன் நிற்க முடியாமல் கேண்டீன் சுவர் வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவான். ஜனங்கள் கைதட்டுவார்கள். நான் மட்டும் அவன் திரும்பின இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அங்கே ஒரு குழி இருக்கும்.

"ஏலே, புல்லப் பேக்காம ஒனக்குத் திரும்பத் தெரியாதா?"

"அண்ணாச்சி, நான் கடக்கரை மணல்ல ஆடுனவன். மணலு பேந்தா எங்கூர்ல யாரும் ஏச மாட்டாவ."

"இது மணலு இல்லலே. உசிரு."

"அப்படியா. இருங்க வாரேன்."

இடைவேளை விட்டதும் போய், பெயர்ந்து கிடந்த பத்தையை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். "இந்தாங்க அண்ணாச்சி, ஒங்க சொத்து. பத்திரமா வச்சுக்கிடுங்க."

டீம் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் இது வழக்கமாகிவிட்டது. இடைவேளையில் எல்லாரும் எலுமிச்சம்பழத் துண்டுக்கு ஓடுவார்கள். அவன் பத்தையோடு என்னிடம் வருவான்.

மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் அவனுக்குக் கடல் ஆகாது. கட்டுமரத்தில் ஏறிக் கரை மறையும் முன்னே வாந்தி எடுத்துவிடுவானாம். "எங்கண்ணன் ரெண்டு தடவ என்னக் கூட்டிட்டுப் போயிட்டு, மூணாவது தடவ கும்புட்டுட்டான் அண்ணாச்சி. நீ கரையிலயே இருடே, மீனெல்லாம் மெரளுதுன்னுட்டான்." இதைச் சொல்லி அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் அதற்குள் இருந்த விஷயம் எனக்குப் புரிந்தது. கடலும் இல்லை, படிப்பும் இல்லை. நிரந்தர லிஸ்டில் பெயர் ஏறாவிட்டால் அவன் திரும்பிப் போக ஊர் இருந்தது, தொழில் இல்லை.

அந்த வருஷ லிஸ்டில் முதல் பெயர் அவனுடையதுதான் என்று சங்கரலிங்கம் சாரே சொல்லியிருந்தார். வைகாசியில் ஆட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

3. பச்சைப் பாய்

மாசி மாதம் ஒரு லாரி வந்தது. வடக்கே ஏதோ ஒரு ஹாக்கி மைதானத்தில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் புல்லை எங்கள் பெரிய மேனேஜர் வாங்கியிருந்தார். பெரிய பெரிய பாய்ச் சுருள்களாக வந்து இறங்கியது. மேனேஜர் டவுண்காரர். நெற்றி நிறைய விபூதியோடு, காலையில் மில்லைச் சுற்றிவிட்டு மைதானத்துக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகிற மனுஷர்.

"வெளிநாட்டுல எல்லாம் இப்ப இதுலதான் ஆடுதான். தண்ணி வேண்டாம், வெட்ட வேண்டாம், பேராது. எப்படிவே?" என்றார் என்னிடம்.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. பேராது என்ற ஒரு வார்த்தை போதும். குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். ஒரு இழை வரவில்லை. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று தோன்றியது.

கோடவுனுக்குப் பின்னால் பஞ்சு காயவைக்கிற சிமெண்ட் தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதன்மேல் விரித்தோம். மெஷின் பெல்ட் தைக்கிற ஆட்களை வைத்து மூட்டுகளை மில் நூலாலேயே முறுக்கித் தைத்தோம். ஓரம் முழுக்கத் தகடு வைத்து ஆணி அடித்தேன். மெயின் மைதானத்தில் பாதி அளவுக்கு ஒரு பயிற்சித் திடல் ரெடி. ஆட்டக்காரர்கள் அதற்குப் பச்சைப் பாய் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரமே தெரிந்தது, அதில் விழுந்தால் தோல் போய்விடுகிறது. முழங்கை, தொடையெல்லாம் தேங்காய் துருவின மாதிரி சிராய்ப்பு. வெயில் ஏற ஏறச் சூடு வேறு. நம்ம ஊர்ப் பங்குனி வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. நான் மில்லை ஒட்டி ஓடுகிற வாய்க்காலிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் அடித்து நனைத்துக் கொடுத்தேன். நனைத்தால் சூடு தணியும், கொஞ்சம் வழுக்கவும் செய்யும், விழுந்தாலும் அவ்வளவு எரியாது. எல்லாம் சமாளிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

மிக்கேல் மட்டும் அதில் வெறுங்காலோடு ஆடினான். "பூட்ஸப் போட்டா பசை ஒட்டுன மாதிரி இருக்கு அண்ணாச்சி. காலு வர மாட்டேங்கு" என்றான்.

அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

4. அடைப்பு

சித்திரையில் வாய்க்காலை அடைத்தார்கள். வருஷா வருஷம் தூர் வாருவதற்காக அடைப்பதுதான். மில்லில் ஒரு கிணறு உண்டு. அதில் எனக்குக் கிடைத்தது காலையில் ஒரு மணி நேரத் தண்ணீர். அதை வைத்து மெயின் மைதானத்தையும் காப்பாற்றி, பச்சைப் பாயையும் நனைக்க முடியாது. டோர்னமெண்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நான் யோசித்து ஒரு முடிவு எடுத்தேன். சங்கரலிங்கம் சாரிடம் போனேன்.

"சார், டோர்னமெண்ட் வரைக்கும் பிள்ளேளைப் புல்லுல எறக்க வேண்டாம். தண்ணி பூராத்தையும் புல்லுக்கு விடுதேன். பிராக்டிஸ் பாய்லயே நடக்கட்டும்."

"பாய நனைக்கத் தண்ணி?"

"ஒரு மூணு வாரம் காய்ஞ்சு கெடக்கட்டும் சார். அது என்ன, வாடவா போகுது?"

சார் சரி என்றார். என் புல்லை நம்பித்தான் சரி என்றார். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். மூன்று வாரம் ஒரு பூட்ஸ் படவில்லை. ஒரு பத்தை பெயரவில்லை. புல் அப்படியே பாசி பிடித்த மாதிரி அடர்ந்து வந்தது. அந்த வயசு வரைக்கும் அதைவிட அழகான பச்சையை நான் பார்த்ததில்லை. காலையில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ரெண்டாவது வாரம் ஒரு சாயங்காலம். பாய் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. மிக்கேல் வெறுங்காலோடு ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றான். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்து கொப்புளம் எழும்ப ஆரம்பித்திருந்தது. டோர்னமெண்டுக்குப் பத்து நாள்கூட இல்லை. எனக்குப் பதறிவிட்டது.

"ஏலே, காலு வெந்துரும். பூட்ஸப் போடுலே."

"வேண்டாம் அண்ணாச்சி. பாயி பூட்ஸப் பிடிச்சுக்கிடும்."

"கொப்புளம் ஒடஞ்சா எப்படி ஆடுவ? லிஸ்டு வேண்டாமா ஒனக்கு? போடுலே சொல்லுதேன்."

நானே உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக் கயிறு கட்டிவிட்டேன். நல்ல இறுக்கமாகக் கட்டினேன்.

கால் மணி நேரம் இருக்கும். இடது பக்கம் ஒரு பந்து வந்தது. மிக்கேல் வழக்கம்போல ஓடினான், ஓரத்துக்குப் போனான், இடது காலை ஊன்றி உள்ளே சுற்றினான். உடம்பு சுற்றியது. பூட்ஸ் சுற்றவில்லை. டக் என்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிகிற சத்தம் மாதிரி. நான் ஏதோ ஓரத்துத் தகடு பிய்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாகத் தகட்டைத்தான் முதலில் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உருளுவதைப் பார்த்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு அடையாளம் இல்லை. ஒரு இழைகூடப் பெயரவில்லை.

5. அடித்த பெயர்

பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் ஒருவர் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கு. எலும்பக் கட்டி வச்சிருக்குற நாருதான் கிழிஞ்சிருக்கு. முழுசா அறல, அதுவரைக்கும் புண்ணியம். இந்த வருஷம் பந்தத் தொடக் கூடாது. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்.

டோர்னமெண்ட் நடந்தது. மேனேஜர் மைதானத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்கு அது அடி மாதிரி இருந்தது. மிக்கேல் கட்டுப் போட்ட காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஒங்க சொத்துக்கு ஒரு சேதமும் இல்ல அண்ணாச்சி" என்றான். கேலியாகத்தான் சொன்னான். அவனுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முடிந்த மறுநாள் சங்கரலிங்கம் சார் கூப்பிட்டார். "லிஸ்ட்ல மிக்கேல் பேர மேனேஜர் அடிச்சுட்டாருவே. ஆட முடியாதவன ஆட்டக்காரன்னு எப்படிச் சேக்கன்னு கேக்காரு. கோமாளித்தனமாத் திரும்பி விழுந்தான்னு யாரோ சொல்லியிருக்கான் அவருட்ட."

"மெஷின்ல கை போனா நம்ம மில்லுல ஆள வெளிய அனுப்ப மாட்டாவளே சார். லேசான வேலையாக் குடுத்து வச்சுக்கிடுவாவளே."

"அது மெஷின் பண்ணுனது. இது அவனாப் பண்ணுனதுல்லா?"

"இல்ல சார். இதுவும் மெஷின்தான்."

எப்படி என்று சார் கேட்டார். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் மனசில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அதே பையன், அதே கால், அதே சுற்று. புல்லில் நூறு தடவை சுற்றியிருக்கிறான். நூறு குழி விழுந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாயில் ஒரு தடவை பூட்ஸோடு சுற்றினான். பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சொன்னால் மேனேஜர் நம்பமாட்டார். காட்ட வேண்டும்.

6. இரும்புக் கால்

ஒர்க் ஷாப் பிட்டர் எனக்குச் சிநேகிதர். அவரிடம் சொன்னேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். மேலே பிடித்துத் திருப்பக் குறுக்குக் கைப்பிடி. நடுவில் எடைக்கல் வைக்க ஒரு தட்டு. அடியில் மிக்கேலின் இடது பூட்ஸ். பூட்ஸுக்குள் கால் மாதிரி செதுக்கிய மரக்கட்டையைத் திணித்து, குழாயோடு ஒரு கொண்டை ஆணியால் மாட்டினார். ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டார். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்து, "வே, இதுக்கு லுங்கி கட்டிவிட்டா ஒம்ம சாயல்தான்" என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் மைதானத்துக்கு வருகிற நேரத்தில் இரும்புக் காலைப் புல்லில் நிறுத்திவைத்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து மூன்று தடவை கக்கூஸ் போய்விட்டு வந்திருந்தேன். சங்கரலிங்கம் சார் பக்கத்தில் நின்றார்.

"என்னவே இது, சாமி தூக்கப் போறியளா?" என்றார் மேனேஜர்.

"சார், இந்தக் கைப்பிடியக் கொஞ்சம் திருப்பிப் பாக்கணும் நீங்க."

தட்டில் எடைக்கற்களை ஏற்றினேன். பூட்ஸ் அடியில் இருக்கிற ஸ்டட் குமிழெல்லாம் புல்லில் இறங்கியது. மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் வேர் அறுகிற சத்தம் கேட்டது, சுருக்கென்று பூட்ஸ் சுற்றிவிட்டது. அடியில் தட்டு அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து கிடந்தது. மூன்று வாரம் கயிறு கட்டிக் காப்பாற்றின புல். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"சரி, பேந்துட்டு. அதான் நான் அப்பவே சொன்னேனே, புல்லுன்னா பேரும்னு."

"இப்பப் பாய்க்கு வாங்க சார்."

நானும் பிட்டரும் தூக்கிக்கொண்டு போனோம். அதே எடைக்கல். அதே பூட்ஸ். மேனேஜர் திருப்பினார். அசையவில்லை. ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, பலம் கொடுத்துத் திருப்பினார். குழாய் முனகியது. பூட்ஸ் மட்டும் பாயைக் கவ்விக்கொண்டு நின்றது. பிட்டர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள்.

டக்.

கொண்டை ஆணி முறிந்து குழாய் சுற்றிவிட்டது. பூட்ஸ் அப்படியே, வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருந்தது. அதே சத்தம்.

மேனேஜர் குனிந்து முறிந்த ஆணியை எடுத்துப் பார்த்தார். முப்பது வருஷம் நூற்கிற மெஷின்களோடு வாழ்ந்தவர். அவருக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இழுவைன்னா எங்கயாவது ஒண்ணு விட்டுக் குடுத்துத்தாம்வே ஆகணும்" என்றார் மெதுவாக. "நூலு அறுந்தா ஒட்டிக்கிடலாம். நூலு அறாம நின்னா மெஷின் ஒடஞ்சு போகும். இங்கன பாய் விட்டுக் குடுக்கல. அந்தப் பய முட்டி விட்டுக் குடுத்துருக்கு."

"ஆமா சார். அவன் வெறுங்காலோடதான் ஆடுனான். பூட்ஸப் போடுன்னு கட்டாயப்படுத்தினது நான்தான். புல்லுல எறங்க வேண்டாம்னு சாருட்டச் சொன்னதும் நான்தான். பாய நனைக்காம விட்டதும் நான்தான்."

சங்கரலிங்கம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார்.

"இத ஏன்வே இப்பச் சொல்லுதீரு? நீரு வாயத் தொறக்கலன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒறக்கம் வர மாட்டேங்கு சார்."

அவர் முறிந்த ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாய வாங்குனவன் நான். பூட்ஸ மாட்டுனவன் நீரு. ஆளுக்குப் பாதி வச்சுக்கிடுவோம். போயி ஒறங்கும். டூட்டி முடிஞ்சப்புறம்" என்றார். போகிற வழியில் நின்று சங்கரலிங்கம் சாரிடம், "அந்தப் பய பேர மறுபடி எழுதும். வேலையில பட்ட காயம்னு போடும்" என்றார்.

7. மூலைக் கொடி

மிக்கேல் நிரந்தரமானான். கால் தேறுகிற வரைக்கும் லேசான வேலை என்று என்னோடு மைதானத்தில் போட்டார்கள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு பத்தை வைப்பான். "என் பாவத்த நானே மூடுதேன் அண்ணாச்சி" என்பான். குடைக்கம்பி குத்தவும் கற்றுக்கொண்டான். என்னைவிட அவன் கை சுத்தம். பச்சைப் பாயைக் கிழித்தோம். கிழிப்பதற்கே ரெண்டு நாள் ஆனது. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம், கேண்டீன் வாசலுக்குக் கொஞ்சம். ஒரு துண்டு என் வீட்டு வாசலில் கால் துடைக்கக் கிடந்தது. கடைசிவரை அது கிழியவே இல்லை.

அடுத்த வைகாசியில் அவன் மறுபடி களத்தில் இறங்கினான். டாக்டர் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவனுக்குப் பயம் இருந்தது. எனக்குத் தெரியும், பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ரெண்டாவது பாதியில் இறக்கினார்கள். பந்து வந்தால் உடனே பக்கத்தில் தட்டிவிட்டான். மூலைக்கு ஓடவே இல்லை. ஜனங்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

"ஏலே, முட்டிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டியாலே?"

நான் கார்னர் கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பந்து வெளியே போய் அவன் அதை எடுக்க என் பக்கம் வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"மிக்கேலு, காலையில இந்த மூலையில குத்திப் பாத்தேன். ஒண்ணே கால் கணு எறங்குது. நேத்தே தண்ணி விட்டுட்டேன். நீ திரும்பு. அது பேரும்."

"பேந்தா ஏச மாட்டியளா?"

"பேராட்டாத்தான் ஏசுவேன்."

அடுத்த பந்து அவனுக்கு வந்தது. ஓடி வந்தான். துரத்தினவன் பின்னால் வந்தான். கொடிக்கு நாலடி முன்னால் இடது காலை ஊன்றினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேர் அறுகிற சத்தம் கேட்டது. திறந்தபோது அவன் உள்ளே போய்க்கொண்டிருந்தான். துரத்தினவன் என் பக்கத்தில் வந்து விழுந்துகிடந்தான். காற்றில் எழும்பின மண் என் சட்டையில் சிதறியிருந்தது.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை. விசில் அடித்ததும் மிக்கேல் மூலைக்கு ஓடினான். ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க அண்ணாச்சி. ஒங்க சொத்து."

"ஒண்ணுதானாலே?" என்றேன்.

இப்போது ஊருக்கு ஊர் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டார்கள். அதில் ரப்பர் தூள் போடுகிறார்கள், முன்னைப்போல் இல்லை என்கிறார்கள். இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. மார்க்கர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு என்னால் ஒன்றுதான் சொல்ல முடியும். நான் புல்லை ஆட்களிடமிருந்து காப்பாற்றினேன், அதுதான் என் தப்பு. புல் இருப்பதே ஆட்களுக்காகப் பெயர்வதற்கு. ஆட்டம் முடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வாருங்கள். குழி நிறையக் கிடந்தால் சந்தோஷமாக உட்கார்ந்து மூடுங்கள். ஒரு குழிகூட இல்லையென்றால், மைதானத்தை விட்டுவிட்டு முதலில் ஆட்டக்காரர்களின் முட்டியைப் போய்ப் பாருங்கள்.